பாராங் வெட்டிய மண்கட்டி

அந்த யோசனை எனக்குத் தோன்றியது, ஒரு நாகப்பாம்பு இரண்டு துண்டான நொடியில். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்திலிருந்து கழித்த மட்டைகளை நிரைகளுக்கு நடுவே இடுப்புயரத்துக்குக் குவித்து வைத்திருப்பார்கள். அப்படியொரு குவியலைத் தாண்டக் காலைத் தூக்கினேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தோட்டத்துக் கங்காணியான மண்டோர் எப்போது திரும்பினார், எப்போது கையை ஓங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பூட்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அவருடைய பாராங் கத்தி இறங்கியது. படம் எடுத்திருந்த தலை ஒரு பக்கம் தெறித்தது. உடம்பு இன்னும் சேதி தெரியாதது மாதிரி மறுபக்கம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. என் கால்சட்டையில் இரத்தம். கத்தி பாதிவரை மண்ணில் புதைந்திருந்தது. அவர் அதைப் பிடுங்கியபோது கூடவே ஒரு மண்கட்டி வந்து விழுந்தது. பின்னால் வந்த குலை வெட்டும் ஆட்கள் எல்லாரும் பாம்பைப் பார்த்தார்கள். நான் மண்ணைப் பார்த்தேன். அது கறுப்பாக இருந்தது.

கோலசிலாங்கூர் கரையோர மண்ணை இரண்டு வருடமாகக் கையில் பிசைந்துகொண்டிருந்தவள் நான். அது சாம்பல் நிறக் களி, புளிப்பு மண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இதுவோ அடுப்புக்கரியைப் பொடித்துக் குழைத்த மாதிரி இருந்தது. பாராங் வெட்டிய முகம் மட்டும் வழவழவென்று, அதற்குள் சின்னச் சின்னக் கரித்துண்டுகள் மின்னின. குனிந்து எடுத்தேன். மண்டோர் கத்தி முனையால் பாம்பின் உடம்பைத் தூக்கிக் கால்வாயில் எறிந்தார். அதன் பிறகு அவர் செய்த ஒரு காரியத்தை அன்று நான் கவனித்தேன், யோசிக்கவில்லை. கத்தி கிழித்த பள்ளத்தைக் குதிகாலால் மிதித்து மிதித்து மூடினார். “போதும் லா தங்கச்சி, வா. இங்க பாக்க ஒண்ணுமில்ல” என்றார். நான் கட்டியை டிபன் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டேன். காலையில் அதில் ரொட்டி இருந்தது.

நான் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். புஞ்சாக் ஆலாம் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர். எங்கள் திட்டத்துக்கு அரசாங்க மானியம். பருவநிலை மாற்றத்தைத் தணிக்கும் ஆய்வுகளுக்கென்று ஒதுக்கியது. பொருள், பயோசார். காய்ந்த மட்டையைத் திறந்தவெளியில் எரித்தால் சாம்பலாகிவிடும். மூடிபோட்ட டிரம்முக்குள் காற்றை அளந்து விட்டுச் சுட்டால் கரியாகும். அந்தக் கரியை மண்ணில் புதைத்தால், மரம் காற்றிலிருந்து இழுத்து வைத்த கார்பன் மறுபடி புகையாக மேலே போகாமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், மண்ணும் தேறும். எவ்வளவு காலம் தங்கும்? அதுதான் கேள்வி. முதல் கட்ட மானியம் முடியப்போகிற நேரம், மானியக் குழு எங்களிடம் கேட்டதும் அதைத்தான்: இந்த மண்ணில், இந்த மழையில், கரி நிலைத்து நிற்கும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்? இரண்டு வருட ஆராய்ச்சியில் இருபது, முப்பது வருட ஆதாரத்துக்கு எங்கே போவது? இரண்டாம் கட்டம் கிடைக்காவிட்டால் திட்டம் மூடப்படும். எங்கள் தலைவியும் (நாங்கள் ‘டாக்டர்’ என்றே கூப்பிடுவோம்) நானும் டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டும். இந்தத் தவிப்பில் இருந்தபோதுதான் என் காலடியில் அந்தக் கத்தி இறங்கியது. யாரோ எப்போதோ புதைத்த கரி, ஊர்ப்பட்ட மழையைத் தின்றுவிட்டு இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது! இதையே ஆதாரமாகக் காட்டிவிடலாம். அன்று வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசத்துக்குள் கத்திக்கொண்டே போனேன்.

அந்தத் தோட்டத்துக்குள் எங்களை விட்டதே மண்டோர்தான். என் அம்மா அங்கே, தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே அப்பாவை இழந்து, பிறகு தோட்டத்தை விட்டு ரவாங்குக்குப் போய்த் தொழிற்சாலையில் சேர்ந்தவர். “ஏழாம் நம்பர் லயத்து வீட்டுப் பொண்ணு மகளா நீ?” என்று மண்டோர் கேட்டார், அவ்வளவுதான், கதவு திறந்தது. ஐம்பது தாண்டிய ஆள். கழுத்து இல்லாத உடம்பு. கை பேசிய பிறகுதான் வாய் பேசும். ஒரு லோரி ஓட்டுநர் வங்காளதேசத்து ஆள் ஒருவனைச் செருப்பால் அடித்தான் என்று, அந்த ஓட்டுநரை லோரியிலிருந்து இழுத்துப்போட்டு முன்பல்லைக் கழற்றியவர். எலியை, பன்றியை, பாம்பை அவர் கொன்ற கதைகளைத் தோட்டத்தில் அடுக்கடுக்காகச் சொல்வார்கள். எங்கள் டிரம்மை முதன்முதலில் பார்த்த அன்று சுற்றிச் சுற்றி வந்தார்.

“படிச்ச புள்ளைங்க கரி சுட வந்திருக்கு. குச்சியில கறி சுடுற சத்தே கடையில வேல கெடைக்கலயா?”

“சத்தே சுட்டா காத்து கெடும்ணே. நாங்க சுட்டா காத்து நல்லாகும்.”

“அப்ப நீ சுட்ட சத்தேய நீயே தின்னு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் காலை, நாங்கள் கேட்காமலேயே, டிரம்முக்குப் பக்கத்தில் காய்ந்த மட்டைகள் ஒரே நீளத்தில் வெட்டி அடுக்கப்பட்டிருந்தன.

கறுப்பு மண் கிடந்த இடம் தோட்டத்தின் கோடியில் ஒரு மேடு. மறுநடவு செய்தபோது சுற்றிலும் இருந்த கிழ மரங்களையெல்லாம் எந்திரம் சாய்த்துக் கூறுபோட்டிருந்தது. அந்த மேட்டில் மட்டும் ஏழெட்டு நெட்டை மரங்கள் மிச்சம். இலை அத்தனை பச்சை. ஏன் விட்டார்கள் என்று தோட்டத்துக் கிராணியைக் கேட்டேன். அலுவலகக் கணக்குகளைப் பார்க்கும் இளைஞர், எனக்குக் கொஞ்சம் மூத்தவர். “மண்டோர் பாராங்க தூக்கிக்கிட்டு மெஷின் முன்னால நின்னுட்டாரு. மேட்டுல ஏறுனா மெஷின் கவுந்துடும்னு சொன்னாராம். ஓட்டுறவன் சாவியக்கூட எடுக்காம ஓடிட்டான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய முன்கோபத்துக்கு இன்னொரு கதை என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்டில் மண்ணெடுக்க வேண்டும் என்று மண்டோரிடம் கேட்டபோது, “அங்க வேணாம், வேற எடம் பாரு” என்றார். ஏன் என்றால், “வேணாம்னா வேணாம்.” சாலையிலிருந்து தூரம், மேடு, சோம்பல்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்குப் பொறுமை கிடையாது. அவரைத் தாண்டிக் கிராணி மூலமாக மேனேஜரிடம் போய் ‘பிளாக் 14’ என்று எழுதி அனுமதிக் கடிதம் வாங்கினேன். அன்று மாலை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “எந்தப் பக்கம்டி?” என்று கேட்டார். “பதினாலாம் பிளாக்மா.” “பதினாலாவது இருபதாவதுன்னெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கோயில் நிரை, பம்ப் நிரை, மேட்டு நிரை, அப்படித்தான் சொல்லுவோம்.” “அதெல்லாம் ரப்பர் வெட்டுன பால்மரக் காலம்மா, இப்ப எல்லாம் நம்பர்தான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். அம்மாவுக்கு எண் தெரியாது, எனக்குப் பெயர் தெரியாது. பல்கலைக்கழகம் வரை போன தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான். வரைபடம் பார்க்கத் தெரியும், வீட்டில் ஒரு கேள்வி கேட்கத் தெரியாது.

தோண்டினேன். மண் எடுக்கிற இரும்புக் குழாயை முறுக்கி முறுக்கி இறக்கி, பன்னிரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்துக்கும் நம்பர், ஆழம், பை. மண்டோர் தூரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் என் பையில் இருந்தது; அது தெரிந்துதான் கிட்டே வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் சலித்தபோது கரியோடு வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்தன, நகக்கண் அளவு. கடல் பக்கம்தானே, ‘சுண்ணாம்பு, கிளிஞ்சலாக இருக்கலாம்’ என்று தாளில் எழுதினேன். அவற்றைப் பீங்கான் உரலில் போட்டு அரைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது: வெளியே மழை, காதில் பாட்டு, மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி அரைத்தேன். மைதா மாதிரி வந்தது. அதைக் கலந்து பார்த்ததில் புளிப்பு நன்றாகக் குறைந்தது. டாக்டர் என் தோளைத் தட்டினார்.

மானியக் குழுவிலிருந்து அதிகாரிகள் இருவர் பார்வையிட வந்தார்கள். பந்தல் போட்டிருந்தோம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தோம், டிரம்மில் கரி சுட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் அவர்களிடம் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் சொல்லியிருந்ததால் மண்டோர் தம் ஆட்களோடு ஓரமாக நின்றார். மேசையில் தட்டு: மண் அடுக்குகள், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளைத் துணுக்குகள், ஒரு குப்பியில் பொடி. அதிகாரிகள் என் மேசைக்கு வந்து சேர நேரமிருந்தது. என்னால் சும்மா நிற்க முடியவில்லை. இந்த மனிதர் என்னைப் பாம்பிடமிருந்து காப்பாற்றியவர், அவர் வெட்டிய வெட்டில் கிடைத்த புதையல் இது, முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது. உண்மையாகவே பாசத்தில்தான் கூப்பிட்டேன்.

“அண்ணே, இங்க வாங்க, ஒங்க மேட்டு மண்ண பாருங்க!”

வந்தார். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இது என்னா?”

“மண்ணுல வெள்ள வெள்ளையா துண்டு இருந்துச்சுண்ணே. ஒரல்ல போட்டு அரைச்சோம். அதாலதான் புளிப்பே கொறையுது. சூப்பர் மண்ணுண்ணே!”

“அரைச்சியா?”

“ஆமாண்ணே. நானேதான்.”

மேசையில் சாத்தியிருந்த இரும்புக் குழாய் அவர் கைக்குப் போனதை நான் பார்க்கவில்லை. பாம்பை வெட்டிய அன்றும் பார்க்கவில்லைதானே. தலைக்கு வந்ததை இடது கை தானாக மறித்தது. பச்சை மட்டையை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம் கேட்டது; என் எலும்பு என்று புரிய நேரம் பிடித்தது. மேசை கவிழ்ந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் போனார். முதல் அடியில் மூடி பறந்தது, இரண்டாவதில் டிரம் சாய்ந்தது, நெருப்புக்கரி புல்லெல்லாம் சிதறியது. காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றியது. அதிகாரிகள் காரை நோக்கி ஓடினார்கள், ஒருவரின் காலணி சேற்றிலேயே நின்றுவிட்டது. மூன்று பேர் மண்டோரைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். மூன்று பேரையும் உதறினார். ஒருவன் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. டிரம் சப்பையாகும்வரை அடித்தார். திடீரென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எனக்குத்தான் வருகிறார் என்று நான் ஊர்ந்து பின்னால் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கவிழ்ந்த மேசைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, உடைந்த குப்பியிலிருந்து புல்லில் கொட்டிய பொடியை இரண்டு கையாலும் கூட்டினார். கங்கும் கண்ணாடியும் கலந்து கிடந்ததைக் கூட்டினார். உள்ளங்கை பொசுங்குகிற வாடை எனக்கு வந்தது. போலிஸ் வரும்வரை அப்படியே இருந்தார்.

மருத்துவமனைக் கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு இருந்தபோது அம்மா வந்தார். “பைத்தியக்காரன்மா, மேட்டு மண்ண எடுத்து, அதுல கெடந்த வெள்ளத் துண்ட அரைச்சதுக்கு” என்று ஆரம்பித்தேன். அம்மா முகம் மாறியது. “எந்த மேடு?” கோடியில், கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஏழெட்டுக் கிழ மரம் நிற்கும் என்றேன். அம்மா என் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது மேட்டு நிரைடி. அங்கதான் எரிப்போம். அஸ்திய ஆத்துல கரைப்போம், ஆனா எலும்பு எல்லாத்தையுமா பொறுக்கிட முடியும்? மிச்சத்த கரியோட அங்கயே பரத்தி விட்டுருவாங்க. உங்க தாத்தாவ அங்கதான் வெச்சோம். கடைசியா எரிஞ்சது, உன்ன அடிச்சானே, அந்த மண்டோரோட தம்பி. ஒரு சண்டையில இவன வெட்ட வந்தவனுங்க, இவன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போன தம்பிய வெட்டிட்டானுங்க. இவன்தான் கொள்ளி வெச்சான். அதுக்கப்புறம் கம்பெனி அத மூடிட்டுச் செம்பனை நட்டுச்சு.” நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்: “அரைச்சியாடி?”

அந்தக் கேள்வியை ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். குழாயால் விழுந்த அடியைவிட இது அதிகம் வலித்தது என்று எழுதினால் அது பொய். எலும்பு முறிந்த வலிக்குப் பக்கத்தில் எதுவும் வராது. ஆனால் கை ஆறியது.

அவர் என்னை அடித்தது தப்பு. போலிஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன், அரைத்ததையும் சேர்த்து. அவரும் மறைக்கவில்லை, “ஆமா, அடிச்சேன்” என்று மட்டும் சொன்னாராம். நீதிமன்றத்தில் அபராதத்தோடு விட்டார்கள். தோட்டம் அவரை வேலையிலிருந்து நீக்கியது, வீட்டையும் காலி செய்யச் சொன்னது. இப்போது புக்கிட் ரோத்தானில் ஓர் அறை. அசாம் ஜாவாவில் ஒருவருடைய சின்னத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார்.

இரண்டாம் கட்ட மானியத்துக்கான விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆதாரம் கையிலேயே இருந்தது. அதுவும் எப்படிப்பட்ட ஆதாரம்! டாக்டர் ஒரு வழி சொன்னார்: “சுடுகாடுன்னு ஏன் எழுதணும்? ‘பழைய காலத்தில் தீ மூட்டப்பட்ட இடம்’னு எழுது. பொய் இல்லையே.” பொய் இல்லைதான். ஒரு கையால் தட்டச்சு செய்தேன். ஆசையோடுதான் செய்தேன், அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு மாதிரிக்கும் நேராகப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘கரியின் மூலப்பொருள்’. எதை எரித்தது என்று எழுத வேண்டும். ‘பால்மர விறகு’ என்று அடித்தேன். அடுத்து ஒரு காற்புள்ளி போட்டேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. படிவத்திலிருந்து பன்னிரண்டு மாதிரிகளின் வரிகளையும் அழித்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். “உணர்ச்சி வேற, சயின்ஸ் வேற” என்று கத்தினார். இரண்டு வருட உழைப்பு என்றார். பிறகு, “உன் தாத்தா பேரு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். மேட்டு மண்ணின் முடிவுகள் அச்சிட்டிருந்த பக்கங்களை அவரே எடுத்துக் கிழித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது: நீண்டகால ஆதாரம் போதவில்லை.

போன மாதம் மண்டோரைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் தோல் சுருங்கிப் பளபளத்தது. கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கை எப்படி இருக்கு?”

“முழுசா மடங்கலண்ணே.”

“அடிச்சது தப்பு. ஆனா மறுபடி அப்படிச் சொன்னா மறுபடி அடிப்பேன்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“யாருகிட்ட? கம்பெனிகிட்ட சொன்னா கெளறி ஓரத்துல கொட்டிட்டு மரம் நடுவான். ஒங்கிட்ட சொன்னா பேப்பர்ல போடுவ. இத்தன வருசம் நான் வாயத் தொறக்காததாலதான் என் தம்பி அங்க இருந்தான்.”

பேப்பரில் போட்டிருப்பேன். அந்த நாளைய என்னை எனக்குத் தெரியும். மேட்டைச் சுற்றி வேலி போட வைத்து, பெயர்ப்பலகை மாட்டி, மாணவர்களை பஸ்ஸில் கூட்டி வந்திருப்பேன். அரிவாள் கல்லில் ஏறி இறங்கியது.

“மிச்சம் எவ்வளவு இருக்கு?”

“பன்னெண்டு பைண்ணே. சலிச்சது தனியா இருக்கு. அரைச்சதுல நீங்க கூட்டினது போக ஒரு குப்பி லேப்ல இருக்கு.”

“எந்தக் குழியில எத எடுத்தன்னு தெரியுமா?”

“எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. ஆழம்கூட எழுதியிருக்கேன்.”

முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். “நம்பர் போடுறதுல மட்டும் ஒனக்குக் கொறச்சலே இல்ல லா.” அது சிரிப்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. “கொண்டா. எங்கெங்க எடுத்தியோ அங்கங்க நீயே போடு. நான் நின்னு பாப்பேன்.”

வரும் சனிக்கிழமை காலை போகிறோம். அம்மாவும் வருகிறார். கிராணி மேனேஜரிடம் பேசி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருக்கிறார். கடிதத்தில் அதே ‘பிளாக் 14’. அடுத்த வாரம் டாக்டரும் நானும் புது விண்ணப்பம் அனுப்புகிறோம். அசாம் ஜாவாவில், மண்டோர் குலை வெட்டுகிற அந்தச் சின்னத் தோட்டத்தின் முதலாளி ஒரு துண்டு நிலம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மண்டோர் சிபாரிசு செய்தாரா என்று கேட்டேன். “தடுக்கல” என்றார் முதலாளி. புது டிரம், இந்த வருடத்து மட்டை, இந்த வருடத்துக் கரி. மூலப்பொருள் கட்டத்தில் ‘செம்பனை மட்டை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். ஆதாரம் என்ற இடத்தில், இன்று புதைத்தால்தான் பின்னால் வருகிறவர்கள் தோண்டிப் பார்க்க முடியும், அதற்குத்தான் பணம் கேட்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். மானியக் குழு இதற்குச் சம்மதிக்குமா, தெரியாது. சம்மதிக்காவிட்டால் மறுபடியும் எழுதுவேன்.

பன்னிரண்டு பைகளும் கட்டி வாசலில் இருக்கின்றன. டிபன் டப்பாவில் வந்த அந்த முதல் கட்டி மட்டும் இதை எழுதுகிற மேசையில், என் முன்னால் இருக்கிறது. பாராங் வெட்டிய முகம் இன்னும் வழவழவென்றே இருக்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் குழி தெரியும், ஆழம் தெரியும். இதற்கு நம்பர் கிடையாது. நம்பர் போடத் தொடங்குவதற்கு முன்னால் எடுத்தது. இது வந்த இடம், அதைக் குதிகாலால் மிதித்து மூடியவருக்கு மட்டும்தான் தெரியும். அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். மட்டைக் குவியலில் பாம்பு இருக்கும், பாராங் எடுத்து வருகிறேன், நீ என் பின்னாலேயே வா என்றார்.